ஒரே பதில் வந்த கேள்விகள்

"தண்ணி வச்சுக் கொடுத்தாலும் குடிக்க மாட்டேங்காங்க, மேடம். இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

நெல்லையப்பன் இதைக் கதவருகில் நின்றபடியே சொன்னார்.

பேராசிரியர் எஸ்தர் விடைத்தாள்களிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"யாரு?"

"உப்பளத்துப் பொம்பளைங்க."

"உக்காருங்க அண்ணாச்சி. நின்னுக்கிட்டே பழி போட்டா கால் கடுக்கும்."

உட்கார்ந்தார்.


மாணவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புள்ளியியல் அலுவலர். ஆசிரியருக்கு முப்பத்தெட்டு. கடலோரக் கல்லூரி ஒன்றின் பழைய கட்டடத்தில், மேல்மாடியில், புள்ளியியல் துறை என்ற பெயரில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். வேலைநாட்களில் மாணவருக்கு அலுவலகம். ஆகவே பாடம் ஞாயிறுகளில்.

காலையில் தொடங்கினால் பிற்பகல் வரை நடக்கும். அத்தனை நேரமும் எஸ்தர் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை.

"தவம்," என்று நெல்லையப்பன் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். "முனிவர்களைக் கதையிலதான் கேட்டிருக்கோம். நான் நேர்ல பாக்குதேன்."

எஸ்தரிடமும் ஒருமுறை இதைச் சொன்னார்.



"கணக்கைப் போடுங்க," என்றார் எஸ்தர்.


உப்பளத்தை ஒட்டி ஆறு குடியிருப்புகள். அங்கே பெண்களுக்குச் சிறுநீரகம் செத்துக்கொண்டிருந்தது.

முதலில் பாதம் வீங்கும். அடுத்து முகம். அதன்பின் பெரிய ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு படுக்கை. அதன்பின் அந்தப் படுக்கை இன்னொருத்திக்கு.

ஆண்களுக்கும் வந்தது, அரிதாக. ஆகவே ஆய்வுக்குப் பெண்களை மட்டும் எடுத்தார்கள்.

நாற்பது கேள்விகள். வயது, கூலி, குடிநீரின் உப்பு, கிணற்றின் தூரம், பிள்ளைப்பேறு, மாத்திரை, வெற்றிலை, உறக்கம் என்று நீண்டன. சுயம்புக்கனி என்ற பெண் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினாள். அந்த ஆறில் ஒரு குடியிருப்பில் பிறந்தவள், இருபத்தாறு வயது. பகலில் பாத்தியில் இறங்கி உப்பு வாருவாள். மாலையில் கேள்வி கேட்பாள்.

எழுதி முடித்த தாள்களைச் சுமந்துவந்து நெல்லையப்பனின் மேசைமேல் வைத்தாள்.

"எல்லாத்தையும் படிப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர் படிக்கும்," என்றார் அவர்.


கணினிக்கு எப்படிப் படிக்கத் தெரியும் என்பதை எஸ்தர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரு திசை. நாற்பது திசைகளை மனிதக் கண் ஒருசேரக் காணாது. இரண்டாக, மூன்றாகச் சுருக்கினால் காணும்.

அன்று அவர் நெல்லையப்பனின் மடக்கிய குடையை வாங்கி ஜன்னல் வெயிலில் நீட்டினார். நுனியைச் சூரியனுக்கு நேரே காட்டியபோது சுவரில் நிழல் ஒரு பொட்டு. குறுக்கே திருப்பியபோது ஒரு கோல்.

"எந்தப் பக்கம் திருப்பினா நிழல் அதிகமா நீளுதோ, அதுதான் முதல் திசை. வச்சுக்கோங்க. அடுத்த நீளம் ரெண்டாவது. அதையும் வச்சுக்கோங்க. மிச்சத்தை விட்டுருங்க."

"விட்டா தப்பு வராதா மேடம்?"

"வரும். கொஞ்சம் தப்பு செய்யத் துணிஞ்சாத்தான் கொஞ்சமாவது தெரியும்."

குடையைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார்.

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை. எல்லாரும் ஒரே பதில் சொன்ன கேள்வி இருந்தா, அதை முதல்லயே தூக்கி எறிங்க. அதுக்கு நிழலே விழாது. ஒருத்தரையும் இன்னொருத்தரையும் பிரிச்சுக் காட்டாத கேள்வியில சேதி கிடையாது."

நெல்லையப்பனுக்கு இந்த வாக்கியம் பிடித்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அவரும் இதைச் சொல்வார்.


கணக்கு முடிந்தது. மிக நீண்ட நிழல் குடிநீர்க் கேள்விகளுக்கு விழுந்தது. சில குடியிருப்புகளுக்கு நல்ல தண்ணீர் பக்கத்தில், சிலவற்றுக்குத் தொலைவில், சில கிணறுகள் வெறும் உப்பு.

அரசு அதை நம்பியது. உப்பளத்தின் வரப்போரத்திலேயே ஒரு குடிநீர் நிலையம் கட்டியது. இனிய தண்ணீர். இலவசம். குழாயைத் திறந்துவைக்க ஓர் அமைச்சர் வந்தார்.

ஓர் ஆண்டு கழிந்தது. வேலைநேரத்தில் அந்தக் குழாயை ஆண்கள் மட்டுமே திறந்தார்கள்.

பெண்களின் பாதங்கள் வீங்குவது நிற்கவில்லை. சுயம்புக்கனியின் பாதமும் வீங்கியது.


"அறிக்கை முடிஞ்சுதா?" என்று எஸ்தர் கேட்டார்.

"முடிஞ்சுது மேடம். நாளைக் காலையில கலெக்டர் கூட்டம்."

நீட்டினார். அழகாகக் கட்டம் கட்டிய அறிக்கை. எஸ்தர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய் வாய்விட்டுப் படித்தார்.

"'பயனாளிகளிடம் விழிப்புணர்வு இல்லை. திட்டத்தைத் தொடர்வதில் பயனில்லை.'"

"வேற என்ன எழுத?"

"இது நாளைக்குப் போனா என்ன ஆகும்?"

"நிலையத்தைக் கழட்டி வேற ஊருக்குக் கொண்டு போவாங்க. குடியிருப்புக்கு வர்ற மருத்துவ வண்டி நின்னுரும். ஆய்வை மூடிருவாங்க."

"அந்தப் பொம்பளைங்க?"

நெல்லையப்பன் ஜன்னலைப் பார்த்தார்.

"அவங்களுக்கும் கொஞ்சம் தெரியணும்லா மேடம். எவ்வளவுதான் நாம சொல்லுதது."

"சுயம்புக்கனிக்கும் தெரியாதா? பன்னிரண்டாவது முடிச்சவ. உங்களுக்கே எழுதிக் கொடுத்தவ."

நெல்லையப்பன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தீங்களா?"

"நேத்துப் போனேன். கை பூரா ஊசித் தடம். ஒரு நாளைக்கு ரெண்டு சின்ன டம்ளர் தண்ணிதான் கொடுக்காங்க. அதுக்கு மேல குடிச்சா உடம்பு தாங்காதாம்."

"என்ன சொன்னா?"

"புலம்புதா மேடம். மருந்து மயக்கம். 'முந்தி தண்ணியப் பாத்தாலே பயமா இருக்கும் சார். இப்பப் பயம் போயிருச்சு. கேட்டா தர மாட்டேங்காங்க'ன்னு சொல்லுதா."

எஸ்தர் பேனாவை மூடினார்.

"பயமா?"

"அப்படித்தான் சொன்னா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"அந்த நிலைமையில என்னத்தக் கேக்க?"

எஸ்தர் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். மேசையில் இப்போது ஒன்றும் இல்லை.

"மொத்தம் நாற்பது கேள்வி. கணக்குல எத்தனை வந்துது?"

"முப்பத்தேழு."

"மூணு எங்கே?"

"தூக்கிட்டேன். எல்லாரும் ஒரே பதில்."

"என்னென்ன கேள்வி அது?"

நெல்லையப்பன் நெற்றியைத் தடவினார். முப்பத்தேழு கேள்விகளையும் அவரால் உறக்கத்தில் ஒப்பிக்க முடியும்.

"ஞாபகம் இல்லை மேடம். சேதி இல்லாத கேள்வி. நீங்க சொன்னதுதானே."

"ஆமா," என்றார் எஸ்தர். "நான் சொன்னதுதான்."


அறை மூலையில் ஒரு மண்பானை உண்டு. மாணவருக்காக ஞாயிறுதோறும் எஸ்தர் நிறைத்துவைப்பார்.

அன்று அவரே எழுந்து போய் எவர்சில்வர் டம்ளரை எடுத்துவந்தார். ஜன்னல் வெயிலில் பிடித்தார். மேசைமேல் நிழல் விழுந்தது.

"இதுல தண்ணி இருக்கா அண்ணாச்சி?"

நெல்லையப்பன் நிழலைப் பார்த்தார். டம்ளர் போலவே இருந்தது.

"நிழலைப் பாத்து எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்போ குடிச்சுப் பாருங்க."

குடித்தார். நிறைய இருந்தது.

எஸ்தர் மீண்டும் நிறைத்துவந்து வைத்தார். அதையும் குடித்தார்.

"இப்போ மறுபடியும் முதல்லேருந்து போடுவோம்," என்று எஸ்தர் உட்கார்ந்தார்.


போட்டார்கள்.

வெயில் ஏறியது. மேலே ஓட்டுக்கூரை. எஸ்தர் கேட்பார், நெல்லையப்பன் கணினியைத் தட்டிப் பதில் சொல்வார், இடையிடையே டம்ளர் நிறையும். ஏதோ வைத்தியம் போலும் என்று எண்ணி அவர் மறுக்காமல் குடித்தார்.

"நோய் வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

"வராதவங்களுக்கு வயசு கம்மி மேடம். வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகலை."

"அப்போ அவங்க வராதவங்க இல்லை. இன்னும் வராதவங்க."

நெல்லையப்பன் தட்டுவதை நிறுத்தினார். பிறகு எழுந்தார்.

"ஒரு நிமிஷம் மேடம்."

வராந்தாவில் அவரது செருப்பொலி கடைசிவரை போனது, திரும்பி வந்தது.

மீண்டும் கணக்கு. மீண்டும் தண்ணீர்.

"தண்ணியப் பாத்தா எதுக்குப் பயம் வரும்?"

"கெட்ட தண்ணின்னா வரும். இது நல்ல தண்ணி. நானே பரிசோதிச்சேன்."

"ஆம்பளைங்க குடிக்காங்களா?"

"ஆம்பளைங்க குடிக்கத்தான் செய்யுதாங்க."

"ஆம்பளைங்களுக்கு மட்டும் விழிப்புணர்வு வானத்துலேருந்து வந்துதா?"

அவர் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை. நெல்லையப்பன் இன்னொரு முறை எழுந்து போய்வந்தார்.

முகம் கழுவி, கைக்குட்டையால் ஒற்றியபடி உட்கார்ந்தபோதுதான் எதிரே இருந்தவரைப் பார்த்தார். எஸ்தரின் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

மரியாதை தெரிந்த மனிதர். தாமே எழுந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவர் முன்னால் வைத்தார்.

"நீங்களும் ஒரு வாய் குடிங்க மேடம்."

எஸ்தர் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"வேண்டாம்."

"என்ன மேடம், வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது."

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஒரு மிடறாவது."

"தண்ணி வச்சுக் கொடுத்தாலும் குடிக்க மாட்டேங்கேன்," என்றார் எஸ்தர். "எழுதிக்கோங்க. விழிப்புணர்வு இல்லை."

நெல்லையப்பன் பாதி சிரித்தார். மீதி வரவில்லை.

"டாக்டர் பட்டம் வாங்கினவ. எதிர்ல பானை. நல்ல தண்ணி, இலவசம். நாக்கு வறண்டு கிடக்கு. ஆனா குடிக்க மாட்டேங்கா. என்ன காரணம்? கண்டுபிடிங்க. வேணும்னா நாற்பது கேள்வி கேளுங்க."

"தவம்னுல்லா நான் நெனச்சேன்."

"தவம் எல்லா நாளும் இருக்கணும். நான் திங்கக்கிழமை தண்ணி குடிப்பேன்."

மாணவர் அவர் கை மூடியிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை எந்திச்சுப் போனீங்க. எங்கே போனீங்க?"

"வராந்தாக் கடைசிக்கு."

"அந்தக் கதவுல என்ன எழுதியிருக்கு?"

அவர் யோசிக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்காக அந்தக் கதவைத் தள்ளியிருக்கிறார். அதன்மேல் எழுத்து உண்டு என்பதே இப்போதுதான் நினைவில் வந்தது.

"ஆண்கள்."

"இந்தக் கட்டடத்துல வேற கதவு இருக்கா?"

"இங்கே இல்லை. கீழே நூலகத்துக்குள்ளதான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் தேய்ந்தது. நூலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. பானையின் அடியில் பரப்பிய மணலில் ஈரம் சுவறிக்கொண்டிருந்தது.

நெல்லையப்பனுக்கு உப்பளம் தெரியும். எத்தனையோ முறை போயிருக்கிறார். கண்ணுக்கெட்டியவரை வெள்ளைப் பாத்திகள். ஒரு மரம் கிடையாது. ஒரு புதர் கிடையாது. முழங்கால் உயர வரப்பு. அந்த வரப்பின் பக்கம் திரும்பி நின்றுகொள்ளும் ஆண்களை அவர் பார்த்திருக்கிறார். அவரும் நின்றிருக்கிறார்.

விடியலில் பாத்தியில் இறங்கும் பெண் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்புவாள்.

அவர் கணினியைத் தம் பக்கம் இழுத்தார். தூக்கி எறிந்தவற்றை அது பத்திரமாக வைத்திருந்தது.

"மூணும் இருக்கா?" என்றார் எஸ்தர்.

"இருக்கு."

"படிங்க."

"ஆணா, பெண்ணா."

"பதில்?"

"எல்லாம் பெண்."

"அடுத்தது."

"வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க நிழல் உண்டா. எல்லாம் இல்லை."

"அடுத்தது."

நெல்லையப்பன் படிக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும் மேடம். நான் 'பயம்'னு சொன்னபோதே தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு."

"அப்போதான் தெரிஞ்சுது. அதுக்கு முந்தி எத்தனையோ ஞாயித்துக்கிழமை இந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கேன், எனக்கும் தெரியலை." எஸ்தர் டம்ளரை நகர்த்தி வைத்தார். "தூக்கி எறியச் சொன்னது நான். படிங்க."

"வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா."

"பதில்?"

"எல்லாம் இல்லை."

"எல்லாம்னு ஒரு பொம்பளை கிடையாது. ஒவ்வொருத்தரா படிங்க."

"மொத்தப் பேரையுமா மேடம்?"

"நாளைக்குக் கூட்டத்துல எப்படிப் படிக்கப் போறீங்களோ, அப்படி."

நெல்லையப்பன் மேசைமேல் கிடந்த அறிக்கையைப் பார்த்தார்.

"முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே," என்றார் எஸ்தர்.

"இன்னும் ஆரம்பிக்கலை."

அறிக்கையை எடுத்து மடிமீது கவிழ்த்து வைத்துக்கொண்டார். பிறகு திரையின் முதல் வரிக்குப் போனார்.

"முத்துப்பேச்சி. இல்லை."

"அடுத்து."

"அருளம்மாள். இல்லை."

"அடுத்து."

"சந்தனமாரி. இல்லை." சற்று நிறுத்தினார். "இவங்க போன தைமாசம் தவறிட்டாங்க."

"அடுத்து."

படித்தார். ஒரு குடியிருப்பு முடிந்து அடுத்தது தொடங்கியது. பெயர்கள் மாறின, வயது மாறியது, கூலிகூடக் கொஞ்சம் மாறியது. குரல் கம்மியபோது கை பழக்கத்தில் டம்ளரைத் தேடிப் போனது. பாதியில் நின்றது. திரும்பி மேசைக்கடியில் போய்விட்டது.

மூன்றாவது குடியிருப்பில் அவர் நின்றுபோனார்.

"என்ன?"

"சுயம்புக்கனி. தனக்கும் ஒரு தாள் எழுதியிருக்கா மேடம். மத்தவங்களுக்கு மாதிரியே. எங்கிட்டதான் கொண்டுவந்து கொடுத்தா."

எஸ்தர் காத்திருந்தார்.

"படிப்பீங்களான்னு கேட்டா."

"பதில், அண்ணாச்சி."

"இல்லை," என்றார் நெல்லையப்பன்.

"அடுத்து."